காலி பஸ்ஸுக்கு நாற்பத்தொரு நிமிடம்

டிப்போவில் என் சித்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆளே கிடையாது. ‘ஸ்டாப்பிங் அக்கா’ என்று கேட்டால்தான் வாட்ச்மேன் கை நீட்டி வழி காட்டுவார். பதினேழாம் நம்பர் பஸ்ஸில் இருபத்தொரு வருடமாக அவள் கண்டக்டர். ரயிலடியில் கிளம்பிக் கண்ணாடித் தொழிற்சாலை போய்ச் சேருவதற்குள் முப்பத்து நான்கு நிறுத்தம். மற்ற கண்டக்டர்கள் அதில் பாதியில் நிற்பார்கள், மீதிப் பாதிக்குக் கையாட்டிவிட்டுப் போவார்கள். சித்தி முப்பத்து நான்கிலும் நிற்பாள்.

அவள் விசிலுக்கு மூன்று பாஷை உண்டு. நீளமாக ஒன்று ஊதினால் நிறுத்து. இரண்டு ஊதினால் போகலாம். மூன்றாவது ஒன்று இருக்கிறது, குட்டியாக, அணில் கத்துகிற மாதிரி. “எல்லாரும் ஏறியாச்சு, ஆனா இன்னொருத்தர் ஓடி வர்றார், பிரேக்குல இருந்து காலை எடுத்துடாதே” என்பது அதன் முழு அர்த்தம். இந்த மூன்றாவது விசில் எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. அது அவளுக்கும் அவள் டிரைவருக்கும் மட்டும் புரியும்.

அந்த டிரைவருக்கு டிப்போ வைத்த பெயர் ‘சைலன்சர்’. பதினோரு வருடமாக இருவரும் ஒரே பஸ். அவர் வாய் திறந்ததை நான் மொத்தம் நான்கு முறை கேட்டிருக்கிறேன். அதில் இரண்டு தும்மல்.

சித்தி எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். சாயங்காலம் வந்ததும் வாளியில் வெந்நீர் ஊற்றி, இரண்டு காலையும் உள்ளே விட்டு, நாற்காலியில் சாய்ந்துகொள்வாள். அப்புறம் பையிலிருந்து அன்றைய மெமோவை எடுத்து என் அம்மாவிடம் கொடுப்பாள். தாமதமாக வந்த ஒவ்வொரு டிரிப்புக்கும் விளக்கம் கேட்டு ஒரு மெமோ. ஒரு பக்கம்தான் அச்சாகியிருக்கும், பின்பக்கம் வெள்ளை. அம்மா அதில் கடைக்குப் போகிற லிஸ்ட் எழுதுவாள். ஒன்பது வருடத்தில் எங்கள் வீட்டில் லிஸ்ட் எழுதக் காகிதம் வாங்கியதே இல்லை.

ஏன் தினமும் தாமதம்? கால அட்டவணைப்படி பதினேழாம் நம்பர் நாற்பத்தொரு நிமிடத்தில் கடைசி நிறுத்தத்தில் நிற்க வேண்டும். சித்தியின் பஸ் ஐம்பத்தைந்துக்குக் குறைந்து ஒருநாளும் போனதில்லை.

அந்த நாற்பத்தொன்று எங்கிருந்து வந்தது என்ற கதையைச் சாப்பாட்டு மேசையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் டிப்போவுக்குப் புது மேனேஜர் வந்தார். இரண்டு கையிலும் வாட்ச் கட்டுவார். ஒன்று ஓடுகிற நேரம், இன்னொன்று ஐந்து நிமிடம் முன்னால் ஓடுகிற நேரம். அதனால் அவர் ‘ரெட்டை வாட்ச்’. எல்லா வழித்தடத்துக்கும் புது நேரம் எடுக்க வேண்டும் என்று தலைமை அலுவலகம் சொன்னதும், அவர் ஒரு விடுமுறை நாள் காலை ஆறு மணிக்குப் பதினேழாம் நம்பரை எடுக்கச் சொன்னார். அன்றைக்கும் கண்டக்டர் சித்திதான்.

“பயணிகளை ஏத்தினா நேரம் சரியா எடுக்க முடியாதும்மா, புரியுதா? அவங்க ஏறுவாங்க, இறங்குவாங்க, சில்லறை தேடுவாங்க. கணக்கு கெட்டுடும். நீங்க சும்மா உட்காருங்க, விசிலைப் பையில போடுங்க, புரியுதா?”

பஸ் எங்கேயும் நிற்காமல் ஓடியது. நாற்பத்தொரு நிமிடம். ரெட்டை வாட்ச் இரண்டு கையையும் பார்த்துச் சந்தோஷப்பட்டார். கண்டக்டர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் சித்தி போட்டாள். ஒரு சோதனை ஓட்டம் என்றுதான் அவள் நினைத்தாள். அடுத்த மாதம் அதுவே அட்டவணையாகி எல்லா நிறுத்தத்திலும் ஒட்டப்பட்டது. அதற்கப்புறம் மின் பலகை வந்தது. ‘அடுத்த பஸ் 4 நிமிடம்’ என்று சிவப்பு எழுத்தில் காட்டும். பஸ் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பஸ் எங்கே இருந்திருக்க வேண்டும் என்று மட்டும் தெரியும்.

இனி என் பங்குக்கு வருகிறேன். என் பங்கு கொஞ்சம் அசிங்கம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிற கார்ட்டூனில் எனக்கு வேலை. ‘குட்டிச்சுவர் நகர்’ என்ற ஊரில், மூன்றாம் மாடியில் குடியிருக்கிற ஒரு குடும்பத்தின் கதை. இருபத்திரண்டு வருடமாக ஓடுகிறது. அந்த வீட்டு இரட்டைப் பிள்ளைகள் இருபத்திரண்டு வருடமாக மூன்றாம் வகுப்பு. பெரிய பாத்திரங்களுக்கெல்லாம் பழைய குரல்கள் இருக்கின்றன. எனக்கு மிச்சம் மீதி: பூனை, கதவு, பக்கத்து வீட்டு இருமல், தெருவில் போகிற கூட்டம் மொத்தமும். டயர் கடைக்கு மேலே ஒரு அறை, சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்திருக்கும். அதுதான் ஒலிப்பதிவுக் கூடம்.

ஒருநாள் எங்கள் தலைமை எழுத்தாளர் மேசையில் தலையை வைத்துப் படுத்துவிட்டார்.

“தண்ணியைக் கிண்டல் பண்ணியாச்சு. கரண்ட்டைப் பண்ணியாச்சு. பள்ளிக்கூடத்தை நாலு தடவை பண்ணியாச்சு. இனி இந்த ஊர்ல என்னதான்டி பாக்கி இருக்கு?”

“பஸ் இருக்கே மேடம்” என்றேன். காலி பஸ் கதையைச் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, ரெட்டை வாட்ச்சின் மூக்கடைத்த குரலில், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ‘புரியுதா’ போட்டுச் சொன்னேன். எழுத்தாளர் தலையைத் தூக்கினார். “அந்தக் குரலை அப்படியே வெச்சுக்கோ” என்றார். பூனையிலிருந்து மேனேஜராக எனக்குப் பதவி உயர்வு. யார் யோசிப்பார்கள்?

அந்த அத்தியாயத்தில், உலகத்திலேயே நேரம் தவறாத பஸ் என்று குட்டிச்சுவர் நகருக்கு விருது கிடைக்கும். காரணம், பஸ் எங்கேயும் நிற்காது. ஜனங்கள் முதல் மாடிப் பால்கனியிலிருந்து பஸ் கூரைமேல் குதித்து ஏறுவார்கள். இறங்க வேண்டியவர்கள் ஜன்னல் வழியாக மரக்கிளையைப் பிடித்துத் தொங்குவார்கள். இரண்டு கையிலும் வாட்ச் கட்டிய பஸ் மேனேஜர் மேடையில் கோப்பையை வாங்கிக்கொண்டு, “பயணிகள் மட்டும் இல்லேன்னா நம்ம சேவை இன்னும் பிரமாதமா இருக்கும், புரியுதா?” என்பார். கடைசிக் காட்சியில் அந்த வீட்டு அம்மா கேட்பாள்: “இருபத்திரண்டு வருஷமா உங்களுக்கு ஏங்க பதவி உயர்வே வரலை?” அப்பா நிறுத்தத்தில் நின்றபடியே சொல்வார்: “நான் இன்னும் ஆபீசுக்கே போய்ச் சேரலையே.”

ஞாயிறு அது ஒளிபரப்பானது. சித்தி வாளியில் கால் வைத்தபடி பார்த்தாள். முதல் ‘புரியுதா’வுக்குத் தண்ணீர் வெளியே தெறிக்கச் சிரித்தாள். மூன்றாவது ‘புரியுதா’வுக்குச் சிரிப்பு நின்றுபோய் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏண்டி வாயாடி, இது டிப்போ ரெஸ்ட் ரூம்லயும் ஓடும், தெரியுமா?”

திங்கட்கிழமை காலை தெரிந்தது. சித்தி உள்ளே நுழைந்தபோது மெக்கானிக்குகள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்து “ஸ்பானரைக் கொடு, புரியுதா?” என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். பத்து மணிக்கு வந்தது கடிதம். மெமோ இல்லை, விசாரணை. ஒன்று, தொடர்ந்து தாமதம். இரண்டு, அலுவலக விஷயத்தை வெளியில் சொல்லி நிறுவனத்தை அவமானப்படுத்தியது. குற்றம் உறுதியானால் அவளைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, தவறவிட்ட பொருள் அறைக்குப் போட்டுவிடுவார்கள். டிப்போவின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத அறை. ஓய்வு பெற இன்னும் ஏழு வருடம்.

“அங்க நூத்தி எண்பது குடை இருக்கு. ஒத்தைச் செருப்பு ஒரு மூட்டை” என்றாள் சித்தி. “ஏழு வருஷம் குடைகளுக்கா நான் விசில் ஊதுறது?”

சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு வெந்நீர் ஆறிப்போன பிறகும் காலை எடுக்கவில்லை. நான் அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

“நான் போய் அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுடறேன் சித்தி.”

“எந்தக் குரல்ல கேப்பே?” என்றாள்.

வியாழக்கிழமை விசாரணை. குரலுக்குச் சொந்தக்காரி என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நீள மேசை, மூடி போட்ட தண்ணீர்க் குவளை, தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி அம்மா. கொண்டையில் பென்சில் செருகியிருந்தார். ஒரு பக்கம் ரெட்டை வாட்ச், மறுபக்கம் சித்தி, கதவோரம் சாட்சியாகச் சைலன்சர்.

அதிகாரி முதலில் என்னிடம் வந்தார். “அந்தக் கார்ட்டூன்ல பேசினது நீங்கதானா? எங்கே, பேசிக் காட்டுங்க.”

நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி கூரையைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் பேசினேன். “பயணிகள் மட்டும் இல்லேன்னா நம்ம சேவை இன்னும் பிரமாதமா இருக்கும், புரியுதா?”

அதிகாரி பென்சிலை உருவி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். ரெட்டை வாட்ச் எழுந்துவிட்டார்.

“மேடம், இது அநியாயம்! நான் எப்பவாவது இப்படிப் பேசியிருக்கேனா? மூக்கால பேசறேனா? எதுக்கெடுத்தாலும் புரியுதா புரியுதான்னு சொல்றேனா? என் மரியாதை என்ன ஆகறது, புரியுதா?”

அதிகாரி பென்சிலை வாயிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

“புரியுது சார், உட்காருங்க” என்றார் அதிகாரி. “அந்தக் காலி பஸ் சமாச்சாரம் கற்பனைதானே?”

“முழுக் கற்பனை மேடம். நாற்பத்தொரு நிமிஷம் முறைப்படி எடுத்த நேரம். இந்தம்மாவே கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஆதாரம் கொண்டு வந்திருக்கேன்.” ஃபைலைத் திறந்து மஞ்சளேறிய ஒரு தாளை மேசைமேல் பெருமையாக வைத்தார்.

சித்தி அப்போதுதான் முதல் முறையாக வாய் திறந்தாள். “ஆமா மேடம், கையெழுத்து என்னோடதுதான். நான் இல்லேன்னு சொல்லலை. கையெழுத்துக்கு மேல ரெண்டு கட்டம் இருக்கு. அதையும் கொஞ்சம் வாசிச்சிடுங்க.”

அதிகாரி வாசித்தார். “நின்ற நிறுத்தங்கள்: இல்லை. பயணிகள் எண்ணிக்கை: இல்லை.” பிறகு தாளை ரெட்டை வாட்ச் பக்கம் திருப்பினார். “கீழே மேனேஜர்னு போட்டிருக்கிறது உங்க கையெழுத்தா?”

ஒன்பது வருடமாக ஃபைலில் இருந்த தாள். கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டு எடுத்து வந்திருக்கிறார்.

இருந்தாலும் மனிதர் விட்டுக்கொடுக்கவில்லை. “நின்னா மட்டும் என்ன மேடம்? சுறுசுறுப்பா வேலை செஞ்சா முப்பத்து நாலு நிறுத்தத்திலயும் நின்னு நாற்பத்தொண்ணுல போகலாம். இவங்க மெத்தனம்தான் காரணம். வேணும்னா நானே கூடப் போய்க் காட்டறேன்.”

“நல்ல யோசனை” என்றார் அதிகாரி. “சனிக்கிழமை காலை எட்டரை மணி பஸ். பயணிகளோட, எல்லா நிறுத்தத்திலயும் நின்னு. நானும் வர்றேன். நாற்பத்தொண்ணுல போச்சுன்னா தாமதம் இந்தம்மா தப்பு. போகலைன்னா அட்டவணை தப்பு. அட்டவணை தப்புன்னா, அதைச் சொன்னதும் குத்தமில்லே.”

கதவோரம் திரும்பி, “உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டார். சைலன்சர் யோசித்தார். “டயர்ல காத்து பாத்துடறேன்” என்றார். நான் கேட்ட ஐந்தாவது பேச்சு அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு திட்டம் போட்டேன். சனிக்கிழமை பள்ளிக்கூடக் கூட்டம் இருக்காது, பஸ் பறக்கும். அதனால் ஸ்டுடியோ ஆட்கள் இருபது பேரை நிறுத்தத்துக்கு ஒருவராக நிற்கவைத்து, ஆளுக்கொரு பெரிய பெட்டியும் கொடுத்துவிடலாம்.

“வேண்டாம்” என்றாள் சித்தி.

“ஏன் சித்தி? ஏழு வருஷம் குடை எண்ணணுமா நீ?”

“அவரு ஆளில்லாம ஓட்டினாரு, நான் ஆள் செட் பண்ணி ஓட்டினா ரெண்டும் ஒண்ணுதான். வர்றவங்க வரட்டும். நாற்பத்தொண்ணுல போச்சுன்னா நான் ஒன்பது வருஷமா தப்புப் பண்ணியிருக்கேன்னு அர்த்தம். அப்ப குடையே எண்ணறேன்.”

சனிக்கிழமை எட்டரை. சைலன்சர் அன்றைக்குச் சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். அதிகாரி டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். ரெட்டை வாட்ச் முன்பக்க ஜன்னல் சீட்டைப் பிடித்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். நான் பின்பக்கக் கதவருகே உட்கார்ந்தேன். சித்தி இரண்டு விசில் ஊதினாள்.

நான் பயந்தபடியேதான் ஆனது. ரோடு காலி. தபால் நிலையத்தில் ஒரே ஒருவர். நீதிமன்ற நிறுத்தத்தில் ஆளே இல்லை. பஸ் நின்று, கதவு திறந்து, காற்றை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. பத்தாவது நிறுத்தத்தில் ஒன்றரை நிமிடம்தான் பின்தங்கியிருந்தோம்.

“பாத்தீங்களா மேடம், மனசு வெச்சா முடியும், புரியுதா?” என்று ரெட்டை வாட்ச் திரும்பிச் சிரித்தார். சித்தி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சில்லறைப் பையைச் சரிசெய்துகொண்டாள், அவ்வளவுதான்.

சந்தை நிறுத்தம் வந்தது.

சனிக்கிழமை சந்தை என்பதை நானும் மறந்துவிட்டேன், அவரும் மறந்துவிட்டார். கூடை, சாக்கு, மடக்கு மேசை, தொட்டியோடு ஒரு எலுமிச்சைச் செடி. எல்லாம் ஏறின. ஏறியவர்களில் ஒருவர் மேனேஜரின் இரண்டு மணிக்கட்டையும் உற்றுப் பார்த்தார். “ஏய், டி.வி.ல வந்தாரே!” என்றார். பஸ் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. ரெட்டை வாட்ச் கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார்.

மகப்பேறு மருத்துவமனை நிறுத்தத்தில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி ஏறினாள். சித்தி நேராக முன்சீட்டுக்குப் போனாள். “சார், கொஞ்சம் எழுந்திரிங்க.”

“நான் நேரம் பாக்கணுமேம்மா.”

“நின்னாலும் வாட்ச் ஓடும் சார்.”

அவர் எழுந்து, எலுமிச்சைச் செடியைத் தாண்டி, பின்பக்கக் கதவருகே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்பது வருடத்தில் அவர் ஒரு பஸ்ஸில் நின்றுகொண்டு போனது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். வளைவுகளில் ஆடினார். யாரோ அவர் கையில் ஒரு கூடையைக் கொடுத்து, “கொஞ்சம் பிடிச்சுக்கோங்கண்ணே” என்றார்கள். பிடித்துக்கொண்டார்.

தீயணைப்பு நிலைய நிறுத்தத்தில் இரண்டு பேர் இறங்கினார்கள். சித்தி முன்பக்கம் ஒரு தாத்தாவைக் கைப்பிடித்து உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். உட்காரவைத்துவிட்டு இரண்டு விசில் ஊதினாள். பஸ் நகர ஆரம்பித்தது.

“ஹோல்டான்! ஹோல்டான்! நிறுத்துங்கய்யா!”

பின்பக்கமிருந்து வந்த அந்தக் கத்தலில் பஸ் மொத்தமும் திரும்பியது. மூக்கடைத்த குரல். முதலில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் வாயை மூடிக் காட்டினேன்.

ரெட்டை வாட்ச் கதவுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டியிருந்தார். “நிறுத்துங்கன்னா! ஒரு பொண்ணு குழந்தையைத் தூக்கிட்டு ஓடி வருது, கண்ணு தெரியலையா? ஏம்மா, மெதுவா வாம்மா, பஸ் நிக்கும், அவசரமில்லே!”

ஓடி வந்தவளின் ஒரு செருப்பு நடுரோட்டில் கழன்று விழுந்தது. மேனேஜர் கூடையை என்னிடம் திணித்துவிட்டு இறங்கினார். ஓடிப்போய்ச் செருப்பை எடுத்தார். எதிரே வந்த லாரிக்குக் கையைக் காட்டி நிறுத்தினார். குழந்தையை வாங்கி மேலே கொடுத்தார், அவளை ஏற்றிவிட்டார், கடைசியாகத் தானும் ஏறினார். மூச்சு வாங்கியது. அப்புறம்தான் கையைப் பார்த்தார். ஒரு கையை. பிறகு இன்னொரு கையை.

சித்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

“சார், ரெண்டரை நிமிஷம் போயிடுச்சு. இந்த மெமோ யாருக்கு?”

அதிகாரிதான் முதலில் சிரித்தது. பிறகு கர்ப்பிணி, பிறகு சந்தைக்காரர்கள், பிறகு பஸ்ஸே குலுங்கியது. கண்ணாடியில் சைலன்சரின் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன். ரெட்டை வாட்ச் தலையைக் குனிந்து, காதெல்லாம் சிவக்க நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“விசில் ஊதும்மா” என்றார். இந்த முறை ‘புரியுதா’ இல்லை.

நாற்பத்தொரு நிமிடம் முடிந்தபோது நாங்கள் இருபத்து நான்காவது நிறுத்தத்தில், எலுமிச்சைச் செடியை இறக்கிக்கொண்டிருந்தோம். தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தது மேனேஜர். கண்ணாடித் தொழிற்சாலையில் பஸ் நின்றபோது அதிகாரி பென்சிலை எடுத்து எழுதினார்: ஐம்பத்தேழு நிமிடம். கீழே மேனேஜர் கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன்னால் எல்லாக் கட்டத்தையும் ஒன்று விடாமல் வாசித்தார். சித்தி கடைசியாகக் கையெழுத்துப் போட்டாள். பஸ்ஸில் மிச்சமிருந்த பதினாறு பேரும் கை தட்டினார்கள். அவர்களில் யாருக்கும் அங்கே இறங்க வேண்டிய வேலையே இல்லை. முடிவைப் பார்க்க உட்கார்ந்திருந்தார்கள்.

விசாரணை தள்ளுபடி. பழைய மெமோக்களையும் ரத்து செய்ய வேண்டும், எல்லாவற்றையும் கொண்டுவரவும் என்று ஆபீஸிலிருந்து தகவல் வந்தது. சித்தி ஒரு பை நிறையக் கொண்டுபோய்க் கொட்டினாள். கிளார்க் ஒவ்வொன்றாகத் திருப்பி முத்திரை குத்தினார். நடுநடுவே, “அக்கா, அரைக்கிலோ வெங்காயம், சோப்பு ரெண்டு, எலிப்பொறி... எலி மாட்டுச்சா?” என்று விசாரித்துக்கொண்டார்.

எங்கள் எழுத்தாளர் கார்ட்டூன் பஸ்ஸுக்கு ஒரு கண்டக்டர் வைத்தார். மூன்றாவது விசிலை நான் வாயால் ஊதிப் பார்த்தேன். பூனை, கதவு, மேனேஜர் எல்லாம் வரும் எனக்கு அது வரவில்லை. வார விடுமுறை அன்று சித்தி வந்து, மெத்தை அடித்த அறையில் நின்று, ஒரே முறை ஊதினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் தன்னையறியாமல் காலைத் தரையில் அழுத்தினார்.

முதல் தேதி புது அட்டவணை. பதினேழாம் நம்பருக்கு ஐம்பத்தெட்டு நிமிடம். நான் அன்றைக்கு எட்டரை பஸ்ஸில் போனேன். முப்பத்து நான்கிலும் நின்றது, ஓடி வந்த மூன்று பேருக்கும் காத்திருந்தது. கண்ணாடித் தொழிற்சாலை போனதும் சித்தி இறங்கி, டைம் கீப்பரின் கூண்டுக்குப் போனாள். அவர் வழக்கம்போலத் தலை நிமிராமல் ‘தாமதம்’ என்ற கட்டத்தில் பேனாவை வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்தார். மறுபடியும் பார்த்தார்.

“அக்கா, ஒரு நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்க.”

“சரி, எழுதுங்க.”

“எதுல எழுதறது? முன்னாடி வந்தா எழுதறதுக்கு ரிஜிஸ்டர்ல கட்டமே கிடையாதே!”

சித்தி கூண்டுக்குள் கையை விட்டு, அவர் மேசைமேல் இருந்த அடிக்கோலை எடுத்து ரிஜிஸ்டரில் நெட்டுக்கு வைத்தாள்.

“கோடு போடுங்க தம்பி. நான் பிடிச்சுக்கறேன்.”